என் போனுக்குக் காவல் நின்றவர்

வன்னியில் போர் உச்சத்தில் இருந்த அந்தப் பனிக்காலத்தில், நோர்வேயில் இருந்த நான் கைபேசியை நிறுத்தியதே இல்லை. அங்கே அகப்பட்டிருந்த என் தங்கை எப்போது அழைப்பாள் என்று தெரியாது.

அந்த நேரம் பார்த்து, தடம் போடாத மலைச்சரிவுகளில் பனிச்சறுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் மகள். பனிச்சரிவில் சிக்கியவரை மீட்கும் பயிற்சியை நானும் சேர்ந்து எடுத்தால்தான் விடுவேன் என்றேன்.

ஒஸ்லோவுக்கு மேலேயுள்ள மலையில் பயிற்சி நடந்தது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கருவியால் தேடவேண்டும். ஆளுக்குப் பதிலாக, சமிக்ஞை அனுப்பும் கருவி வைத்த பை ஒன்றைப் பனிக்குள் புதைத்திருந்தார்கள். என் கருவியின் அம்புக்குறி மட்டும் அங்குமிங்கும் அலைந்தது.

“அப்பா, உங்கட போன்தான் குழப்புது. நிப்பாட்டுங்கோ.”

“ஏலாது பிள்ளை. மாமி எடுத்தால்?”

எங்களோடு பயிற்சிக்கு வந்திருந்த நோர்வேஜியப் பெண் ஒருவர் என்னவென்று விசாரித்தார். மகள் சொன்னாள். உடனே அவர் கையை நீட்டினார். போனோடு தான் தள்ளி நிற்பதாகவும், அழைப்பு வந்தால் ஓடி வருவதாகவும் சொன்னார்.

அந்தப் பையை நான் தோண்டி எடுக்கும்வரை, தன் பயிற்சியை விட்டுவிட்டு அவர் தனியே குளிரில் நின்றார். பற்றரி இறங்கிவிடாமல் போனை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தார். யாரும் அழைக்கவில்லை என்று, தன் பிழைபோல வருந்தித் திருப்பித் தந்தார். போன் சூடாக இருந்தது.

போர் முடிந்து, கோடையில் அகதி முகாமிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணை, நான் இருக்கிறன்.”

அழுது முடித்ததும் அந்தப் பெண்ணுக்கும் சொல்லவேண்டும் போலிருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.