வலது ஓரத்தில் ஒன்று

அடுத்தவர் வலியை அளந்து எழுதுவதுதான் பிசியோதெரபிஸ்ட் பிழைப்பில் பாதி. எங்களிடம் ஓர் அட்டை உண்டு. அதில் எழுத்தோ எண்ணோ இல்லாத ஒரு கோடு. ஒன்று முதல் பத்துக்குள் வலி எவ்வளவோ, அந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இடுப்புவலிக்காரர்களே, நீங்களும் எங்காவது வைத்திருப்பீர்கள்.

பத்தொன்பதாவது மாடி

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில் பத்தொன்பதாவது மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே கழுத்தைக் கெடுத்துக்கொண்டவர். நான் கொடுத்த அட்டையைச் செங்குத்தாகத் திருப்பி, உச்சிக்குச் சற்றுக் கீழே புள்ளி வைத்தார். ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன். "கூடுனா மேலதான மேடம் போவும், பக்கத்துலயா போவும்?" என்றார்.

பொறுமைசாலி

அதே நகரின் மெட்டுகுடாவில் ஓர் உருது டீச்சர். தமிழ்க் குடும்பங்களோடு பழகித் தமிழ் பேசுவார். முதுகுவலியால் நின்று பாடம் நடத்த முடியாமல் லீவில் இருந்தார். முதல் நாள், கண்ணில் நீரோடு இடது ஓரத்தில் புள்ளி வைத்தார். இந்தத் துடிப்பிலும் குறைத்தே சொல்கிறாரே என்று வியந்தேன்.

வாரா வாரம் புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது. "பரவாயில்லை" என்று அவர் சொன்னதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, குனியவே கூடாது என்று கண்டித்தேன். வலி ஏறுகிறது என்று டாக்டருக்கும் எழுதினேன். அவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். டீச்சர் பதறிப்போனார். "நக்கோ மா, நக்கோ! வேண்டாம்! பத்தாங்கிளாஸ் பசங்களுக்குப் பரீட்சை வருது, நான் படுத்துட்டா யார் பாடம் முடிப்பா?"

நோட்டுக் கட்டு

அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்குப் போனபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய நோட்டுக் கட்டைக் குனிந்து இழுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். வலிக்கவில்லையா என்று அலறினேன். "எங்கே வலி? போயே போச்சு!" என்றார். பின்னே புள்ளி ஏன் வலது ஓரத்தில்? பேனாவைக் கொடுத்து, கோட்டின்மேல் எண்களை எழுதச் சொன்னேன். சற்றும் யோசிக்காமல் வலது ஓரத்தில் ஒன்று போட்டு, இடப்பக்கமாகப் பத்துவரை போனார். உருது வரி தொடங்கும் பக்கம் அதுதானே!

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. ஆனாலும் அந்த வரிசையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் டீச்சரை வரச்சொல்லிப் பரிசோதித்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்றார். டீச்சர் என்னைத் திட்டவே இல்லை. "ஹவ் மா, ஆமா, எனக்கு வலி குறையக் குறைய உன் மூஞ்சி ஏன் வாடுச்சுன்னு இப்பதான் புரியுது" என்றார்.

பத்து வருடமாக ஊரார் முதுகை நிமிர்த்துகிற எனக்கு, என் தலைக்குள் எண்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது அன்றுவரை தெரியாது.