மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

டாக்டர் கோமதி போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது செங்கோட்டையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரொம்பக் கஷ்டப்படல, அண்ணாச்சி. சட்டுனு முடிஞ்சிட்டு" என்றார். பல ஆண்டுகளாக வலியில்லாமல் ஒரு பொழுதுகூடக் கழித்திராதவர் கோமதி.

தென்காசியில் அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் தெரியும். ஜீப் கவிழ்ந்து, முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, இடது காலில் தீப்பட்டதுபோல ஓயாத எரிச்சல். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடியேதான் நோயாளிகளைப் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டிலிருந்த வகுப்புத்தோழி ஒருவர் அவருக்குச் சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார். தண்டுவடத்தின் பக்கத்தில் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினால் தீராத வலியும் அடங்குகிறதாம்.

"எனக்கு ஆசை இருக்கு, அண்ணாச்சி. ஆசையோட படிச்சா எல்லாம் சரியாத்தான் தெரியும். நீங்களும் கூட உக்காந்து படிங்க" என்றார்.

படித்தோம். கம்பி வைத்த மருத்துவரே நோயாளியிடம் வலி குறைந்ததா என்று கேட்டு எழுதியிருந்தார். "வச்சுவிட்டவரு முகத்தப் பாத்து எவன் இல்லேம்பான்?" என்றார் கோமதி. கம்பி வைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பாதியில் வராமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. எங்கள் நோயாளி ராயகிரிக்காரர் முருகையா, பட்டாளத்தில் முதுகில் அடிபட்டவர், பெரிய நகரம் ஒன்றில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் அவர் கைத்தடியில்லாமல் நடந்து வந்ததைக் கோமதி கண்டார். அன்றைக்கே கணவரிடம், "நாமளும் போவோம்" என்றார். பயண ஏற்பாடு நடந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தச் சில வாரங்களில்தான்.

புறப்படுமுன் முருகையாவே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். உள்ளே கம்பி நகர்ந்துவிட்டது, வலி பழையபடி.

"கம்பி வச்சவங்க ஒங்ககிட்ட எப்ப விசாரிச்சாங்க?" என்று கேட்டார் கோமதி.

"மூணாம் மாசம் கேட்டாவம்மா. நல்லாருக்குன்னேன். பெரிய டாக்டர் எழுதிக்கிட்டாவ."

"பொறவு?"

"பொறவு யாரும் கேக்கலம்மா."

அவர் போன பிறகு கோமதி, "இவரு ஏதோ ஒரு கட்டுரையில கொணமானவராவே இருக்கப்போறாரு" என்று சொல்லி அழுதார். பயணம் நின்றது.

"ஒனக்காவது வலி கேக்கும்லா?" என்று கணவர் கெஞ்சினார்.

"கேக்கும்னும் தெரியல, கேக்காதுன்னும் தெரியல. இத்தன படிச்சும் அதுதான் தெரியல."

ஒருவேளை கோமதிக்குப் பலித்திருக்கலாம். போகாமல் நின்ற அந்த முடிவு சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படுத்திருந்தார். "இது கொறையுமா, அண்ணாச்சி?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் எழுந்தேன். "தெரியாதுன்னு சொல்லலாம். சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரக்கூடாது" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். இருட்டும்வரை இருந்தேன். அவருக்கு வலித்துக்கொண்டேதான் இருந்தது. அவரிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டிருப்பது அப்படி உட்கார்ந்திருப்பதை மட்டும்தான்.