வழிமொழி அண்ணன்

ஏழாங்கட்டை முச்சந்தியில் இறங்கி, லூர்துசாமி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வழிமொழி அண்ணன் வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பேரை ஊர் மறந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது.

அந்தப் பேர் வந்து இருபத்திரண்டு வருசம் இருக்கும். ரப்பர் தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, எல்லாரையும் ரோட்டோரத்து மலிவு வீடுகளுக்கு அனுப்பிய சமயம். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற பழைய ரோடு அது. பழனியப்பன் அங்கே கட்சிக் கிளை ஒன்றை ஆரம்பித்தார். முதல் கூட்டத்தில் செயலாளர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "தலைவர் முன்மொழிஞ்சிட்டாரு. யாரு வழிமொழியிறீங்க?" என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. பழனியப்பன் முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க லூர்துசாமிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்று, "நான் வழிமொழியிறேன்யா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த வேலை.

அவருக்கு அது கஷ்டமாகவும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்று, பதினாலு வயசில் பால்மரம் வெட்டப் போனவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்டால், "இருக்கேன்யா" என்று சொல்லிப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர் ஜெபத்தை முடித்தால் ஆமென் சொல்கிறவர். இன்னொருத்தர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வார்த்தை சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தோட்டம் போன பிறகு ஓடு செய்கிற பேக்டரியில் ஜாகா வேலை, வாசலில் காவல். அங்கேயும் அப்படித்தான்.

சீனன் கோப்பிக் கடையில் டீ சொல்லும்போது பையன்கள் விளையாடுவார்கள். "தே தாரேக் நாலு, நான் முன்மொழியிறேன். அண்ணே, நீங்க?"

"வழிமொழியிறேன்லா" என்பார் சிரித்துக்கொண்டே. அந்த நாலுக்கும் அவரே பணம் கொடுப்பதும் உண்டு.

வீட்டில் மனைவி கெர்ட்ரூட் அப்படி இல்லை. பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மலாய் எழுத்து நன்றாகப் படிப்பாள். வந்த கடுதாசியை மேலிருந்து கீழே வரைக்கும் வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். முச்சந்தியில் புளியமரத்தடியில் ஆறு கடைகள் இருந்தன. அதில் நடுக்கடை அவளுடையது. பத்தொன்பது வருசம். பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், லோரிக்காரர்கள், எல்லாருக்கும் அவள் இட்லியும் புதினாச் சட்னியும்தான் காலைச் சாப்பாடு. மகள் ஜூடித்தை நர்ஸ் படிக்க வைத்து, சித்தியவானில் கட்டிக்கொடுத்தது அந்தக் கடை. லூர்துசாமி சம்பளம் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சரியாகப் போகும். அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

இந்த வருசம் பழனியப்பன் பதவி விலகினார். கிட்னி போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் ரத்தம் கழுவ வேண்டும். அவர் இடத்துக்கு யுகேந்திரன் வந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டு, நாற்பது வயசு, நல்ல மாதிரி. துக்க வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், எல்லார் பிள்ளைகள் பேரும் ஞாபகம் வைத்திருப்பார். நகராண்மைக் கழகத்தில் கட்சிக்கு ஒரு உறுப்பினர் இடம் உண்டு. கிளைத் தலைவர் யாரோ அவருக்குத்தான் போகும். பழனியப்பனிடம் இருந்த அந்த இடமும் யுகேந்திரனுக்கு வருகிறது என்று பேச்சு.

ஆண்டுக் கூட்டம் பால்வாடி மண்டபத்தில் நடந்தது. பழனியப்பன் கடைசியாகப் பேச எழுந்தவர், நாலு வார்த்தைக்கு மேல் முடியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். லூர்துசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த தீர்மானக் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். பின்பக்கம் சாப்பாட்டுக்கு வறுத்த மீ கோரெங் வாசனை வந்தது.

செயலாளர் விக்னேஸ்வரன் மணியைப் பார்த்தார். "ஒன்னுல இருந்து ஆறு வரைக்கும் தீர்மானத்த மொத்தமா எடுத்துக்குவோம். காகிதம் எல்லார் கையிலயும் இருக்கு. புதுத் தலைவர் முன்மொழியிறாரு."

எல்லாத் தலையும் பழக்கப்படி லூர்துசாமி பக்கம் திரும்பியது. அவர் எழுந்தார்.

"வழிமொழியிறேன்."

"அண்ணன் இருக்கிற வரைக்கும் நமக்குச் சாப்பாடு ஆறாதுலா" என்றார் யாரோ. சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்து போனார்கள். காகிதம் நாற்காலியிலேயே கிடந்தது.

மூன்றாவது வாரம் ஆறு கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பதினாலு நாளைக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு மைல் உள்ளே, பசாருக்குப் பின்னால் புதிய உணவு மையத்தில் இடம் தருவார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸும் போகாது, லோரியும் நிற்காது.

பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுக் கடை வைத்திருந்த மங்களம் கலங்கவில்லை. "நமக்கென்னக்கா பயம்? ஒங்க வீட்டுக்காரரு கட்சிக்காரரு. ஊருக்கெல்லாம் எத்தன தடவ கை தூக்கியிருப்பாரு. நமக்கு ஒருவாட்டி தூக்க மாட்டாரா?"

அன்றைக்கு கெர்ட்ரூட் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஆறு கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்ட மனுவை அவளே மலாயில் எழுதினாள். புருசனின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். மறுநாள் இருவரும் மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்றுவிட்டு மோட்டாரில் கிளம்பினார்கள். அவள் கை அவர் தோளில் இருந்தது.

நகராண்மைக் கழக அலுவலகத்தில் மலாய்க்கார அதிகாரி அம்மா மரியாதையாக உட்காரச் சொன்னாள். மனுவைப் படித்தாள். பிறகு கோப்பைப் புரட்டி, கொஞ்சம் தயங்கி, "அங்கிள், உங்கள் கிளையே இதற்குச் சம்மதம் கொடுத்திருக்கிறதே" என்றாள் மலாயில்.

கெர்ட்ரூட் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலிருந்து வாசித்தாள். நாலாம் தீர்மானம்: ஏழாங்கட்டை முச்சந்தி சாலையோரக் கடைகளை அகற்றி, புதிய உணவு மையத்துக்கு மாற்றும் திட்டத்துக்குக் கிளை முழு ஆதரவு தருகிறது. முன்மொழிந்தவர் யுகேந்திரன். அதற்குக் கீழே இருந்த பேரில் அவள் விரல் நின்றது.

"லூர்துசாமி, இது அங்கிள்தானே?" என்று கேட்டாள் அதிகாரி.

"ஆமாம்" என்றார் லூர்துசாமி. பேர் கூப்பிட்டதும் அதுதான் வாயில் வந்தது.

கீழே மோட்டார் நிறுத்தியிருந்த இடத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

திரும்பி வருகிறபோது அவள் கை அவர் தோளில் இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் மோட்டார் குலுங்கும்போது அவர் தோள் அந்தக் கைக்காகக் காத்திருந்தது.

மாலையில் யுகேந்திரனுக்கு போன் போட்டார். அவர் கோபப்படவில்லை. "அண்ணே, காகிதம் எல்லார் கையிலயும் குடுத்தோமே. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல. நீங்களே வழிமொழிஞ்சீங்க. அங்க கூரை இருக்கு, பைப்புத் தண்ணி இருக்கு. வெயில்ல கெடக்க வேணாமேன்னுதான் நானும் நெனச்சேன். இப்ப கழகக் கூட்டத்துலயும் பாஸாயிருச்சு, நான் என்ன செய்ய?"

பொய் சொல்கிற குரலாகத் தெரியவில்லை. அதுதான் லூர்துசாமியை இன்னும் நொறுக்கியது.

பழனியப்பனைப் போய்ப் பார்த்தார். தலைவர் கட்டிலில் சாய்ந்து, ஊசி குத்தி வீங்கிய கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"லூர்து, அந்தக் கடைங்கள எடுக்கணும்னு கழகம் எனக்கு எத்தன கடுதாசி போட்டிருக்கும் தெரியுமா? வருசத்துக்கு ஒன்னு. வாங்கி டிராயர்ல போட்டுருவேன். கூட்டத்துல கேட்டா, இன்னும் கிளையில பேசலம்பேன். நான் ஒன்னுமே செய்யலன்னு ஊரெல்லாம் பேசுனாங்கல்ல? நெசந்தான். ஒன்னுமே செய்யாமத்தான் வச்சிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தலைவரே."

"ஒங்கிட்ட என்னத்தச் சொல்றது? நான் எதச் சொன்னாலும் சரிம்ப." அவர் சிரிக்க முயன்று இருமினார். "அன்னைக்கு என் கையிலயும் அந்தக் காகிதம் இருந்துச்சு லூர்து. அழுகையில நானும் பாக்கல."

பதினைந்தாம் நாள் காலை கடைகளை அகற்றக் கழகத்து லோரி வந்தது. மங்களம் லூர்துசாமியைப் பார்த்தும் பேசவில்லை. மற்ற நாலு கடைக்காரர்களும் அப்படித்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கெர்ட்ரூட் இட்லிச் சட்டியைத் தானே தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனாள். உணவு மையத்தில் பத்தொன்பதாம் நம்பர் இடம் கிடைத்தது, கழிவறைக்குப் பக்கத்தில். ஒன்பது நாள் போனாள். அவித்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பத்தாம் நாள் போகவில்லை. சட்டி அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது.

அடுத்த மாதம் கிளையில் சிறப்புக் கூட்டம். யுகேந்திரன் கழக உறுப்பினராகப் பதவியேற்றதற்குப் பாராட்டுத் தீர்மானம். லூர்துசாமி இந்தத் தடவை காகிதத்தை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். ஆறாவது பத்தியில், முச்சந்தியைச் சீர்செய்ததற்கு நன்றி என்று இருந்தது. பேச வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஜெபமும் செய்திருந்தார்.

"செயலாளர் முன்மொழிஞ்சிட்டாரு" என்றார் யுகேந்திரன். தலைகள் திரும்பின.

லூர்துசாமி உட்கார்ந்தே இருந்தார். சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆனால் பழைய வார்த்தையையும் அவர் வெளியே விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தார். விக்னேஸ்வரன் பேர் எழுதப் பேனாவோடு காத்திருந்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் வழிமொழியிறேன்" என்றார் கடைசி வரிசையில் ஒருத்தர், சாதாரணமாக. விக்னேஸ்வரன் அந்தப் பேரை எழுதிக்கொண்டார். கூட்டம் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தார். கெர்ட்ரூட் தட்டில் கடை ரொட்டி இரண்டு துண்டும் பால் ஊற்றாத ஒரு தே ஓவும் கொண்டு வந்து வைத்தாள். அவர் கதவோரத்திலேயே நின்று சொன்னார்:

"இன்னைக்கு நான் சொல்லல, கெர்ட்ரூடு."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, அது எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

"அன்னைக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள். "சாப்பிடுங்க."

லூர்துசாமி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். சாப்பாட்டு ஜெபத்தை அவள்தான் சொன்னாள், எப்போதும் போல. முடித்துவிட்டு அவர் ஆமென் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் அவளே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.