நேவியோ ஏறாத கோபுரம்

வட இத்தாலியில் எங்கள் பழமையான ஊரின் கோட்டைக் கோபுர வாசலில் டிக்கெட் கிழிப்பவன் நேவியோ. வயது ஐம்பத்தெட்டு. சட்டக் கல்லூரியில் இருபத்தொன்பது வருடமாக மாணவன். கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தால் எங்கள் பல்கலைக்கழகம் யாரையும் துரத்தாது. ஒரே ஒரு பரீட்சை பாக்கி: ரோமானியச் சட்டம். ஏழு முறை வாய்மொழித் தேர்வுக்குப் போய் ஏழு முறையும் தோற்றான்.

பட்டம் வாங்குமுன் கோபுரம் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது எங்கள் ஊர் மாணவர்களின் நம்பிக்கை. அதனால் அவன் ஏறியதே இல்லை. மேலே எப்படி இருக்கும் என்று பயணிகள் கேட்டால், "மூச்சே நின்னுடும்ங்க" என்பான். நூற்றெண்பது படி, பொய்யும் இல்லை.

எட்டாவது தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. சந்தையிலிருந்து பூசணிக்காயோடு வந்துகொண்டிருந்தேன். கோபுர உச்சியில் ஒரு டச்சுக்காரி அலறினாள். தலைசுற்றல், இறங்கக் கால் வரவில்லை. கீழே நேவியோ மட்டும் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இவால்தா அக்கா, நீங்க போங்களேன். முப்பது வருஷம் முதியோர் இல்லத்துல ஆளுங்களைத் தூக்கிப் பழகினவங்க."

"என் ரெண்டு முட்டியும் ஆபரேஷன்ல வச்ச இரும்பு. நீ போ."

"வெள்ளிக்கிழமை பரீட்சை, அக்கா! தீயணைப்புக்காரங்க ஒரு மணி நேரத்துல வர்றாங்களாம்."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா? ஏழு தடவையும் கோபுரம் ஏறாமதானே ஃபெயிலான?"

யோசித்தான். பிறகு வேலைத் தொப்பியை மாட்டிக்கொண்டான். "அந்தத் தடை மாணவனுக்குத்தான். இப்ப மேல போறது ஊழியன்."

இருபத்தொன்பது வருடத்தில் அவன் செய்த முதல் உருப்படியான வாதம்.

"நிக்க வைக்காதே! உட்கார வச்சு ஒவ்வொரு படியா நகர்த்து. நீ அவளுக்குக் கீழ்ப்படியில இரு!" என்று கத்தினேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் பின்புறமாக இறங்க, அவள் உட்கார்ந்தபடியே, "என்னைத் தொடாதே" என்று திட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் எழுநூறு வருடத்து அழுக்கு. தரையில் கால் பட்டதும் கால்சட்டையைக் காட்டி அவள் கேட்டது, "இதுக்கு யார் பொறுப்பு?"

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கேட்டார்: "ஒருவர் கேட்காமலே அவர் நன்மைக்காக நீங்கள் ஒரு காரியத்தில் இறங்கினால், அதில் வரும் நஷ்டம் யாருடையது?"

புத்தகம் மறந்துவிட்டது. கால்சட்டை மறக்கவில்லை. நேவியோ தரையில் உட்கார்ந்து நகர்ந்தே காட்டினானாம். நஷ்டம் அந்த அம்மாவுடையதுதான் என்று தொப்பி, படி, வசவு எல்லாவற்றையும் சாட்சிக்கு இழுத்து நிரூபித்தானாம். முப்பதுக்குப் பதினெட்டு போட்டார்கள். ஒன்று குறைந்திருந்தாலும் தோல்விதான்.

மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, பாஸ்! பட்டத்தை வாங்கின கையோட கோபுரம் ஏறப்போறேன். பட்டதாரியா!"

உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றெழுபத்தைந்து.

"இதை வச்சுக்கிட்டா? டாக்டர் சொல்ற வரைக்கும் மாடிப்படிகூட ஏறக் கூடாது."