தன் கட்டுரையைத் தானே நிராகரித்தவர்

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் தெஹிவளைக்குப் போகக் காத்திருந்தபோது அவரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். கைபேசியை எடுத்துப் பார்ப்பார், பைக்குள் வைப்பார், உடனே மறுபடி எடுப்பார்.

“வீட்டில ஆருக்கேனும் சுகமில்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லை, ஒரு ஆய்விதழின்ர மெயிலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவர் அனுப்பிய கட்டுரையை, பெயரை நீக்கி, மதிப்பிடச் சொல்லி அவருக்கே அனுப்பிவிட்டார்களாம்.

“நல்லதாப் போச்சு. திறமெண்டு எழுதிக் குடுத்திருப்பீங்கள்.”

“எப்பிடி? பிழை எங்க கிடக்கெண்டு எனக்குத்தானே தெரியும். போடக்கூடாதெண்டு எழுதிப்போட்டன்.”

“பிறகு?”

“ஏத்துக்கொண்டிட்டினம். மதிப்பிட்டவர் விஷயம் விளங்காத ஆளாம், மனம் தளர வேண்டாமெண்டு எனக்கு ஆறுதல் எழுதியிருக்கினம். கட்டுரையைத் திருப்பித் தாங்கோ எண்டு கேட்டனான். பதிலில்லை.”

“அது வந்தா நீங்கள் பேராசிரியர் ஆகலாமோ?”

“ஓம். அதுதான் நித்திரை வருதில்லை.”

ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன். அவர் ஏறாமல் மேடையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் பேராசிரியர் ஆகியிருக்க வேண்டும் என்று விரும்புவதா, ஆகியிருக்கக் கூடாது என்று விரும்புவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.