தண்ணீர் ஓடிய கிராம சபை

போளூரில் கழிப்பறைத் திட்டத்தை வீடு வீடாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பஷீர் சார் காலமான செய்தி வந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கு வண்டி ஏறினேன்.

அரசுத் திட்டங்கள் மக்களிடம் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கும் சமூகத் தணிக்கையில் அவர் எனக்கு மூத்தவர். எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். என் சமையலைக்கூட இரண்டாவது கவளத்துக்குப் பிறகுதான் பாராட்டுவார்.

சில வருடங்களுக்கு முன் கொடைக்கானல் மலையில், பூண்டிக்கு மேலே ஒரு சிற்றூருக்குத் தணிக்கைக்குப் போனோம். வீட்டுக்கு வீடு குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. அதை எங்களிடம் வாய்திறந்து சொன்னவர் மாரியம்மாள் ஒருவர்தான். அவருக்குக் கூலி வேலையோ, குழாய் போட்ட ஒப்பந்தக்காரரின் கேரட் தோட்டத்தில். யார் சொன்னது என்று தெரிந்தால் அவர் பிழைப்பு போய்விடும்.

கிராம சபையில் அறிக்கையை வாசிக்கும் முன்பே ஒப்பந்தக்காரர் சபை கூடிய முற்றத்துக் குழாயைத் திருகினார். தண்ணீர் பீறிட்டது.

"தண்ணி வரலன்னு சொன்னது யாரு? எந்திரிச்சுச் சொல்லட்டும்" என்றார்.

மாரியம்மாள் எழப் போனார்.

"உக்காருங்கம்மா" என்றார் சார். குழாயை மூடப் போன ஒப்பந்தக்காரரிடம், "கெடக்கட்டுங்க, ஓடட்டும். நாம அடுத்த சோலியப் பாப்போம்" என்றார்.

ரேஷன் கடை, சாலை என்று நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். யார் காதிலும் ஏறவில்லை. எல்லார் கண்ணும் குழாயில்தான். அது ஓடிக்கொண்டே இருந்தது. மானம் போயிற்று என்றே நினைத்தேன். சார்மேல் கோபம்கூட வந்தது. தெருவிளக்குப் பற்றி வாசிக்கையில் குழாய் செருமியது, காற்றைக் கக்கியது, நின்றது. விடியற்காலையில் லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிய தண்ணீர் தீர்ந்திருந்தது.

"இனி யாரும் எதுவும் சொல்ல வேணாங்க" என்றார் சார். மறுபடி குழாய் போட உத்தரவானது.

அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகம் மலரும். "தப்பக் கண்டுபிடிக்கிறது பெருசில்லம்மா. சொன்ன ஆளு மறுநாளும் வேலைக்குப் போகணும்" என்பார்.

கொடைக்கானலில் சாரின் வீட்டு வாசலில் மாரியம்மாள் நின்றிருந்தார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

"நல்லா வருதுங்க. எனக்குத்தான் மறுநாளே வேலையில்லன்னுட்டாக. நான் எந்திரிக்கப் போனதப் பாத்துட்டாக. சார் போன்ல கேக்குறப்பெல்லாம் வேலைக்குப் போறேன்னே சொல்லிட்டேன். பாவம், மனசு விட்டுப்போயிரும்."

சாரின் உடல் இருந்த ஜனாஸாப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. சார் இனி படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள் சார்.