அப்பாவும் அம்மாவும் நின்ற வரிசை

பள்ளி விடுமுறை நெருங்கினால் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள்: கேளிக்கைப் பூங்காவில் வரிசையில் நிற்காமல் போக எக்ஸ்பிரஸ் பாஸ் விற்கிறார்களே, அது கொடுக்கிற காசுக்குத் தகுமா? பிள்ளை பெற்றவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். நான் தேநீர் கலக்கப் போய்விடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. தீவில், ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் எங்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாகிட்ட சாப்பாடு மேசையில இருக்குன்னு சொல்லு" என்பார் அம்மா, அப்பா பக்கத்திலேயே நிற்கும்போது. வீட்டில் முக்கியமான வேலை ஒன்று என் கையில் இருப்பதாக எனக்குப் பெருமை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் பூங்காவுக்குப் போவதென்று அப்பா சொன்னார். கடல் பாலத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் கார் ஓடியது. சீட்டு வாங்கிக்கொண்டு வந்த அப்பா, அம்மாவிடம் நேராகவே சொன்னார்: "பிள்ளைங்களுக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் எடுத்துட்டேன். ஆளுக்கு எழுபது வெள்ளி."

கார் நிறுத்த ரெண்டு வெள்ளி கூடக் கேட்டாலே வேறு இடம் பார்க்கச் சொல்லும் அம்மா, "சரி" என்றார்.

எங்கள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். "தங்கச்சியைத் தனியா விட்டுறாத" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அப்பாவும் அம்மாவும் ரோலர் கோஸ்டரின் சாதாரண வரிசையில் போய் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பலகையில் போட்டிருந்தது. அவர்களுக்கும் ஏற ஆசை என்றே நினைத்தேன்.

எங்கள் பாதை அவர்கள் வரிசையை ஒட்டியே போனது. நடுவில் ஒரு இரும்புக் கம்பி. ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கினோம், மறுபடி ஓடினோம். ஒவ்வொரு முறையும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இல்லாமலே.

"பாத்தியா, பேசிக்கிறாங்க" என்றேன் அண்ணனிடம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது முறை அவர்கள் கம்பிக்குப் பக்கத்திலேயே, எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். வெயிலில் காய்ந்தவர்களுக்குப் பட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நான் போனேன். அண்ணன் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு வந்தான். இறங்கியதும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"நாமளும் அவங்ககூட போய் நிப்போம்."

"எதுக்கு? பாஸ் இருக்கு லா."

"சும்மா நிப்போம். நாம பக்கத்துல இருந்தா பேச மாட்டாங்க."

"பேசட்டுமே" என்றேன். வரிசையில் நிற்கவா அப்பா காசு கொடுத்தார் என்று கேட்டுவிட்டு ஓடினேன். என்னைத் தனியாக விடக்கூடாது என்பதால் அவனும் பின்னால் வந்தான்.

இன்னும் எத்தனையோ முறை ஏறி நாங்கள் இறங்கியபோது அவர்கள் வரிசையின் முனைக்கு வந்திருந்தார்கள். ஊழியர் கதவைத் திறந்து பிடித்தார். அப்பா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு ஒதுங்கினார். இருவரும் ஏறாமலே வெளியே வந்தார்கள்.

"ஏன்பா ஏறல? அவ்ளோ நேரம் நின்னீங்களே?"

"பேசி முடிச்சிட்டோம் லா" என்றார் அப்பா.

அடுத்த மாதம் அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் வீடு எடுத்தார். அண்ணன் அவரோடு போனான், நான் அம்மாவோடு இருந்தேன். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று அந்த வரிசையில்தான் முடிவானது. கம்பிக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் கேட்டதாக அண்ணன் என்னிடம் சொன்னது, நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு.

ஆனால் அன்று திரும்பி வரும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின் இருக்கையில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். எனக்கு வேர்த்தது.

"அம்மா, அண்ணனை கைய விடச் சொல்லுங்க."

நானே உருவிக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.